குளிர்ப் பெட்டிக்குப் போன முட்டை

ஓணான் முட்டைக்குக் காவல் இருப்பதும் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை அவள் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் விளக்கத்தான் பார்த்தாள். பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் கட்டடத்தில் ஓர் அறை, அறைக்குள் மூன்று பெட்டி, பெட்டிக்குள் முட்டை, முட்டைக்குள் ஓணான் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்குக் கொட்டாவி வந்துவிடும். இல்லையென்றால், "அப்புறம் அந்த முட்டையை என்ன பண்ணுவீங்க, சாப்பிடுவீங்களா?" என்பார்கள். அதற்கு மேல் யாருக்குப் பொறுமை இருக்கும்? இப்போதெல்லாம் "காலேஜ்ல வேலை" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறாள். அங்கே படிக்கும் மாணவர்கள் அவளைப் பெட்டியக்கா என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் ஈரமண் வாசனை முகத்தில் வந்து மோதும். சுவரோரமாக நிற்கும் மூன்றுக்கும் பெட்டி என்று பெயர்தானே தவிர, ஒவ்வொன்றும் துணி அலமாரி உயரம் இருக்கும். இடது பக்கம் குளிர்ப் பெட்டி, அடுத்தது நடுப்பெட்டி, வலது ஓரத்தில் சூட்டுப் பெட்டி. உள்ளே தட்டுத்தட்டாக மூடி போட்ட கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு முட்டை, ஈரப் பொடிமண்ணில் பாதி புதைந்திருக்கும். முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி. கோழிமுட்டையைப் புரட்டுவதுபோல ஓணான் முட்டையைப் புரட்டினால் உள்ளே இருப்பது பிழைக்காது. அதனால் புள்ளி எந்நேரமும் மேலேயே இருக்க வேண்டும். பெட்டியின் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பெட்டியக்காவின் போன் அலறும். விருந்தில் பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவிடுவாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் 'தண்ணி நிறைய குடிங்க'ன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிடுவா" என்று அவள் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவார். அவர் பஸ் டிரைவர். ஆராய்ச்சியை நடத்தும் அம்மாவுக்கு 'ஊசி போடாத டாக்டர்' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஊசி போடாத டாக்டர் கெட்டிக்காரி, முன்கோபி, ஒரு நாளைக்கு ஆறேழு டீ குடிப்பவர். ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று பெட்டியக்காவுக்குப் புரியும்படி முதல் நாளே உட்கார்ந்து சொல்லித் தந்தார். மலையில் திரியும் ஓணானும் சமவெளியில் திரியும் ஓணானும் ஒரே இனம்தான். ஆனால் மலைக்காரி ஒரு தடவைக்கு மூன்றோ நாலோ முட்டைதான் இடுவாள், ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருக்கும். சமவெளிக்காரி டஜன் கணக்கில் இட்டுத் தள்ளுவாள், எல்லாம் சின்னச் சின்னது. மலையில் பொரியும் குஞ்சு பெரிதாக இருக்கிறது. தாய் முட்டைக்குள் நிறைய வைத்து அனுப்பியதால் அது பெரிதா, இல்லை குளிர்ந்த மண்ணுக்குள் நிதானமாக வளர்ந்ததால் பெரிதா? கொடுத்து அனுப்பிய தாய்க்கு எவ்வளவு பங்கு, கிடந்த இடத்துக்கு எவ்வளவு பங்கு? இதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து மூன்று பெட்டிக்கும் அனுப்ப வேண்டும். எந்த முட்டை எந்தப் பெட்டிக்கு என்பதை மனுஷர் முடிவு செய்யக் கூடாது, பகடைதான் முடிவு செய்யும். ஒன்று, இரண்டு விழுந்தால் குளிர். மூன்று, நாலு விழுந்தால் நடு. ஐந்து, ஆறு விழுந்தால் சூடு. பகடையை உருட்டுவது பெட்டியக்காவின் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு பகடை உருட்டும் ஒரே பெண்பிள்ளை இந்த ஊரிலேயே என் பெண்டாட்டிதான் என்று அதற்கும் வீட்டுக்காரர் ஒரு கதை வைத்திருந்தார்.

பகடை விழுந்தபடியே முட்டைகளை எடுத்து வைப்பாள். ஆனால் குளிர்ப் பெட்டிக்குப் போகும் முட்டையை வைக்கும்போது மட்டும் அவள் கை ஒரு நொடி தயங்கும். அதற்குக் காரணம் அவள் பிறந்து வளர்ந்த கதையில் இருக்கிறது.

அம்மா இறந்தபோது அண்ணன் பெரிய வகுப்பில் இருந்தான். இவள் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். தங்கச்சி இடுப்புக் குழந்தை. ஷிப்டு வேலையில் இருந்த அப்பாவால் மூன்று பேரையும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, கடலோர ஊரில் ஏற்கெனவே நாலு பிள்ளைகளோடு இருந்தாள். அண்ணனும் தங்கச்சியும் சித்தி வீட்டுக்குப் போனார்கள். பெட்டியக்கா மட்டும் மலை ஊருக்கு, அப்பாவின் அக்கா வீட்டுக்குப் போனாள்.

இந்த அத்தை கல்யாணம் செய்துகொள்ளாதவர். மலை ஊர் ஆஸ்பத்திரியில் துணி அறைக்குப் பொறுப்பு. கட்டில் விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் உடுப்பு எல்லாம் அவர் கையால் எண்ணித்தான் உள்ளே வரும், வெளியே போகும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை வீடு. தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை விறைக்கும். அத்தை பேசுவது தந்தி அடிப்பதுபோல இருக்கும். "எழு." "குளி." "சாப்பிடு." பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்து சொன்னாலும் "சரி, விளக்கை அணை" என்பார். தலை வாரிவிட்டால் கண் இரண்டும் காதுப் பக்கம் இழுபடும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க மாட்டார், தெர்மாமீட்டரைத்தான் வைப்பார். வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

லீவு விட்டால் சித்தி வீட்டுக்குப் போவாள். அங்கே எல்லோரும் தரையில் ஒரே குவியலாகப் படுத்துத் தூங்குவார்கள். வழியில் எந்தப் பிள்ளை குறுக்கே வந்தாலும் இழுத்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் சித்தி அடுப்படிக்குப் போவாள். பெட்டியக்காவுக்கு அங்கேதான் ரொம்ப வலித்தது. அண்ணனும் தங்கச்சியும் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எதற்கு என்று இவளுக்கு விளங்காது. பாவப்பட்டு யாராவது விளக்கிச் சொல்வார்கள். விளக்கிச் சொல்லியா சிரிப்பு வரும்? இவளும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டி வைப்பாள். கூடப் பிறந்தவர்கள் வீட்டில் அவள் விருந்தாளியாகிப் போயிருந்தாள்.

சித்தி வீட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்திருக்கிறது, மிஞ்சிப்போன என்னை அத்தை தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவள் சின்ன வயசிலேயே முடிவுக்கு வந்துவிட்டாள். யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் இந்த ஊருக்கு வந்தாள், வேலை தேடிக்கொண்டாள், பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள், ஒரு பையனைப் பெற்று வளர்த்தாள், அவன் கப்பல் வேலைக்கும் போய்விட்டான். இந்த எண்ணம் மட்டும் அப்படியே இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அத்தையைப் போய்ப் பார்ப்பாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் போன் செய்தான்.

"அத்தை பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா இனிமே மாடி ஏற முடியாதாம். தனியா இருக்கவும் முடியாது."

"சரி."

"என் வீடு நாலாவது மாடி, லிப்டும் இல்ல. தங்கச்சி வீட்டுல பேரப்பிள்ளை பிறந்திருக்கு, கால் வைக்க இடமில்ல. உன் வீடு தரைத்தளம். பையன் ரூமும் சும்மாத்தானே கிடக்கு."

"அதுல தையல் மெஷின் இருக்கு."

"தையல் மெஷினுக்கு ஒரு ரூமா?"

"ஆமா, ஒரு ரூம்."

அண்ணன் அதற்கு மேல் வாதாடவில்லை. "ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன். மாசக் கடைசியில டிஸ்சார்ஜ். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு" என்றான்.

"யோசிக்க என்ன இருக்கு? அங்கேயே போகட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று சண்டைக்கு இழுப்பதுபோலக் கேட்டாள். "உன் அத்தை, உன் முடிவு. நான் பஸ் ஓட்டுறவன். நீ எங்க திருப்பச் சொல்றியோ அங்க திருப்புவேன்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மலையிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு தாய் ஓணான் முட்டை இட்டிருந்தது. மொத்தம் மூன்றுதான். இரண்டு நல்ல வாளிப்பு. ஒன்று மட்டும் கொஞ்சம் சிறியதாக, ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருந்தது. எடை பார்த்தாள், புள்ளி வைத்தாள், பகடையை உருட்டினாள். குழிந்த முட்டைக்கு ஒன்று விழுந்தது.

குளிர்ப் பெட்டி.

பெட்டியக்கா அந்த முட்டையைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். நடுப்பெட்டிக்கு என்று வைத்திருந்த பெரிய முட்டையை எடுத்துக் குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டு, குழிந்ததை நடுப்பெட்டிக்கு மாற்றினாள். கதவை மூடித் திரும்பினால், கையில் டீயோடு டாக்டர் வாசலில் நிற்கிறார்.

"என்னக்கா பண்றீங்க?"

மழுப்பிப் பார்க்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. மழுப்ப வரவில்லை. "பாவமா இருந்துச்சு. அதுவே நோஞ்சான், அதைப் போயி குளிர்ல..."

டாக்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. டீயை மேஜைமேல் வைத்த வேகத்தில் பாதி சிந்திப்போனது. "பாவம் பாக்கறதுக்கா அக்கா பகடை வாங்கி வச்சிருக்கோம்? நோஞ்சான் எல்லாத்தையும் நீங்க நடுப்பெட்டிக்கு அனுப்பிட்டா, நடுப்பெட்டியில நோஞ்சான் குஞ்சுதான் வருதுன்னு நான் எழுதி வைப்பேன். தப்பு பெட்டி மேல போயிடும். அதோட, குளிர்ப் பெட்டி தண்டனைன்னு உங்களுக்கு யார் சொன்னா? முட்டை இன்னும் பொரியவே இல்ல, அதுக்குள்ள நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க."

பெட்டியக்கா தலை குனிந்து நின்றாள். டாக்டருக்குக் கோபம் வந்த வேகத்திலேயே தணிந்துவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த டீயைக் குடித்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பகடை போட்டு வச்சா, குஞ்சைப் பாத்து எதாவது தெரிஞ்சுக்கலாம். ஒரு கை பொறுக்கி எடுத்து வச்சுட்டா, அப்புறம் குஞ்சை எவ்வளவு அளந்தாலும் ஒண்ணும் தெரியாது. ஏன் இப்படி வச்சேன்னு அந்தக் கையைத்தான் கேக்கணும்."

கை பொறுக்கி மாற்றிய அந்த இரண்டு முட்டையும் இனி ஆராய்ச்சிக் கணக்கில் சேராது, இருக்கும் இடத்திலேயே பொரியட்டும் என்று விட்டுவிட்டார்கள். குழிந்தது பின்னாளில் பொரிந்தது. எல்லாக் குஞ்சையும்போல ஒரு குஞ்சு, அவ்வளவுதான்.

ஆனால் டாக்டர் சொன்னது பெட்டியக்காவை விடவில்லை. பெட்டிகளைத் துடைக்கும்போதும் அதையே நினைத்தாள், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் அதையே நினைத்தாள். என்னையும் ஒரு கைதான் பொறுக்கி எடுத்து வைத்தது. யாருடைய கை அது? அப்பா போய்ச் சேர்ந்தாகிவிட்டது. சித்தியும் இல்லை. கேட்பதற்கு மிச்சம் இருப்பது ஒரே ஆள், அதுவும் இடுப்பொடிந்து படுத்திருக்கிறது. அந்த வாரமே லீவு போட்டுவிட்டு மலைக்குப் பஸ் ஏறினாள்.

அத்தை, தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. உடம்பு வற்றியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வந்துட்டியா. அந்த விரிப்பைப் பாரு, மூலை சேரல. இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு துணி மடிக்கத் தெரியல."

"எப்படி இருக்கீங்க அத்தை?"

"விழுந்தவ எப்படி இருப்பா? படுத்திருக்கேன்."

நலம் விசாரித்தது அத்தோடு முடிந்தது. பெட்டியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நேராகவே கேட்டுவிட்டாள்.

"அம்மா செத்தப்போ என்னை மட்டும் உங்க தலையில கட்டினது யாரு? அப்பாவா, சித்தியா?"

அத்தை கண்ணாடியைக் கழற்றி, போர்வை ஓரத்தில் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். "தலையில கட்டினாங்களா? யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்."

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. உங்கப்பன் மூணு பேரையும் ஒண்ணா சித்தி வீட்டுக்குத்தான் அனுப்ப இருந்தான். துணிமூட்டை எல்லாம் கட்டியாச்சு. நான்தான் சண்டை போட்டு உன்னைப் பிரிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

பெட்டியக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஏன்?"

"எனக்கு ஒரு பிள்ளை வேணும்னு இருந்துச்சு. மூணு பேரை என்னால வளர்க்க முடியாது. ஒண்ணுன்னா ஒழுங்கா செஞ்சிருவேன்னு தெரியும்."

"அதுக்கு நான்தானா கிடைச்சேன்? கைக்குழந்தை இருந்துச்சே, அதைக் கேட்டிருக்கலாமே."

"அவ யார் தூக்கினாலும் சிரிச்சா. அவளுக்கு எந்த வீடா இருந்தாலும் சரிதான். உனக்குத் தலை வாரிவிட வந்தேன், நீ என் கையைப் பிடிச்சுக் கடிச்சுட்ட. ரத்தமே வந்துருச்சு. சரி, இது என்கிட்ட தாக்குப்பிடிக்கும்னு நினைச்சேன்."

பக்கத்துக் கட்டில் நோயாளி களுக்கென்று சிரித்துவிட்டார். பெட்டியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அங்க போயிருந்தா அண்ணன் தங்கச்சியோட ஒண்ணா வளர்ந்திருப்பேன்."

"ஆமா."

"சந்தோஷமா இருந்திருப்பேன்."

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். அத்தை மறுக்கவில்லை. "இருந்திருக்கலாம். அதையும் யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"அவ்வளவு ஆசையாக் கூட்டிட்டு வந்தீங்களே, ஒரு நாளாவது பக்கத்துல உக்காரவச்சு அன்பா ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?"

அத்தை விரிப்பின் மூலையை இழுத்துச் சரிசெய்தார். இழுக்க இழுக்க அது சேரவில்லை. "அது எனக்கு வரல" என்றார். "கத்துக்கலாம்னு பாத்தேன். வரல."

பெட்டியக்கா எழுந்துவிட்டாள். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. மலை இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஊட்டி ஊட்டி வளர்த்த குறை ஒன்று ஒரே பேச்சில் பொய்யாகிவிட்டது. அந்த இடத்தில் இன்னொரு குறை வந்து உட்கார்ந்துகொண்டது, இது நிஜமான குறை. அவளை யாரும் தள்ளிவிடவில்லை, பிரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அண்ணனோடும் தங்கச்சியோடும் சிரிக்க வேண்டிய சிரிப்பையெல்லாம் அத்தை தெரிந்தேதான் பறித்திருக்கிறார். பறித்தது அவள் வேண்டும் என்பதற்காக. ஒன்றை நினைத்துக் கோபப்பட்டால் மற்றது வந்து குறுக்கே நின்றது.

அடுத்து வந்த நாட்களில், முன்னமே பெட்டிகளில் வைத்திருந்த முட்டைகள் வரிசையாகப் பொரியத் தொடங்கின. சூட்டுப் பெட்டிக் குஞ்சுகள் முதலில் வந்தன, அவசரத்தில் பிறந்தவை மாதிரி மெலிசாக. பிறகு நடுப்பெட்டி. குளிர்ப் பெட்டி மட்டும் மேலும் பல நாள் சும்மாவே கிடந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஓட்டைக் கீறிக்கொண்டு, நீண்ட காலும் பெரிய தலையுமாக வெளியே வந்தன. வராமலே போனவையும் அந்தப் பெட்டியில்தான் அதிகம்.

"டாக்டர், கடைசியில எது? தாயா, பெட்டியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இத்தனை நாள் கழிச்சு இப்பதான் கேக்கறீங்க" என்று டாக்டர் சிரித்தார். "ரெண்டையும் பிரிக்க முடியலக்கா. மலை முட்டை குளிர்ல நல்லா வருது. சமவெளி முட்டையை அதே குளிர்ல வச்சா பாதிதான் வருது. எந்த மண்ணுல போடப் போறாளோ அதுக்குத் தகுந்த மாதிரி தாய் உள்ள வச்சு அனுப்புறா போல. இன்னும் சில வருஷம் பாக்கணும்."

அன்று வீட்டில் சாப்பிடும்போது, "நான் சமவெளி முட்டை. குளிர்ல கொண்டுபோய் வச்சுட்டாங்க" என்றாள். வீட்டுக்காரர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வராமப் போன பாதியில சேராம, வந்த பாதியில சேர்ந்தியே, அதுவரைக்கும் எனக்கு லாபம்" என்றார். கோபமாக இருக்க நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓணானை வைத்து மனுஷருக்குக் கணக்குப் போடாதீர்கள் என்று டாக்டரே அடிக்கடி சொல்வார். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

தங்கச்சிக்குப் போன் போட்டு அத்தை சொன்னதையெல்லாம் சொன்னாள். அவளும் தன்னோடு சேர்ந்து அத்தையைத் திட்டுவாள் என்று நினைத்தாள். அந்தப் பக்கம் பேரக்குழந்தை அழுதது, தங்கச்சி அதைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, நான் உன் ஷூவைப் பாத்து அழுதிருக்கேன், தெரியுமா?"

"எந்த ஷூ?"

"ஒவ்வொரு லீவுக்கும் புது ஷூ போட்டுட்டு வருவ. எனக்கு மூணு பேரு போட்டுத் தேஞ்சதுதான் கிடைக்கும். சித்தியைக் குத்தம் சொல்லல, தங்கமான மனுஷி. ஆனா எனக்குக் காலையில காய்ச்சல் வந்தா அவங்களுக்குச் சாயங்காலம்தான் தெரியும். அத்தனை பேருக்கு ஒருத்தி என்ன பண்ணுவா? ஆறுல ஒரு பங்குதான் எனக்கு. உனக்குன்னு ஒரு ஆள் இருந்துச்சு. சிரிக்காத ஆளுதான், ஆனா முழுசா உனக்கு."

"அப்போ உனக்கு நல்லவங்களாத் தெரியறாங்கன்னா, நீயே கூட்டிட்டுப் போயேன்."

"கூட்டிட்டு வந்துருவேன். நடுக்கூடத்துல கட்டில் போட்டாவது வச்சுப்பேன். ஆனா எனக்கு அவங்க வெறும் அத்தைதான், அக்கா. உனக்கு அப்படியா?"

பெட்டியக்கா போனை வைத்தாள். காய்ச்சலில் எப்போது கண் விழித்தாலும் கட்டில் பக்கத்தில் அந்த நாற்காலி இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஒரு தடவைகூட அது காலியாக இருந்ததில்லை. ஆனாலும் அவளுக்கு மனசு இறங்கவில்லை. மாசக் கடைசி வந்துவிட்டது, அண்ணனிடம் முதலில் சொன்ன பதிலை அவள் மாற்றிச் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி வாசலில் முதியோர் இல்லத்து வேன் வந்து நின்றது. அண்ணன் மருந்துச் சீட்டுகளோடு அலைந்துகொண்டிருந்தான். அத்தை சக்கர நாற்காலியில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பெட்டியக்கா படியேறி வருவதைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

"நீ எதுக்கு வந்த? வேலை இல்லையா?"

"லீவு போட்டேன்."

"அண்ணன் மேல கோபப்படாத. இல்லத்துக்குப் போறேன்னு நான்தான் சொன்னேன். உன் வீட்டுக்கு நான் வர்றதா இல்ல. நானே உன்கிட்ட கேட்டா நீ மாட்டேன்னு சொல்ல மாட்ட. மனசுல கசப்பை வச்சுட்டே எல்லாம் செய்வ. எனக்கு அது வேணாம்."

வேன் டிரைவர் பையை வாங்கிக்கொள்ள வந்தார். பெட்டியக்கா அவருக்கு முன்னால் போய் நின்றாள். 

"துணிமூட்டையைப் பிரிச்சு என்னை மட்டும் கூட்டிட்டு வந்தீங்களே, அன்னைக்கு என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தார். "வரமாட்டேன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்ல? அதனாலதானே நீங்க கேக்கல. நானும் இப்போ உங்களைக் கேக்கப் போறதில்ல."

மடியில் இருந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். சக்கர நாற்காலியின் பிடியைப் பிடித்து, வேனைத் தாண்டித் தெருப்பக்கம் திருப்பினாள். "ஏய், என்ன பண்ற? அவங்களுக்குச் சொல்லியாச்சு, வண்டி வந்திருக்கு" என்று அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஒரு டாக்ஸி பிடி" என்றாள் அவள். பிறகு குனிந்து அத்தையின் காதருகில், "எனக்குக் கோபம் இன்னும் போகல. போகாதுன்னுதான் நினைக்கிறேன். கோபத்தோடயே பாத்துக்கறேன்" என்றாள்.

அண்ணன் தெருவுக்கு ஓடினான். டாக்ஸி வந்ததும் அண்ணனும் அவளுமாகத் தாங்கிப் பிடித்து அத்தையை உள்ளே உட்கார வைத்து, காலுக்குத் தலையணை கொடுத்து, கதவைச் சாத்தினார்கள். வண்டி முதல் வளைவு திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கியபோது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அத்தை கேட்டார்.

"உன் ஊர்ல வெக்கை ஜாஸ்தி, இல்ல?"

"ரொம்ப ஜாஸ்தி."

"எனக்கு ஒத்துக்காது."

"ஒத்துக்காதுதான்" என்றாள் பெட்டியக்கா. "பழகிக்கங்க. நான் பழகல?"